‘இல்லையே?’ என்று கேட்காதீர்கள்

அறுபதைத் தாண்டிய சர்க்கரை நோயாளி. ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக, தூக்கம் வரவில்லை என்று வந்திருந்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். சீட்டு எழுதியபடியே, “தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?” என்றேன். “அதெல்லாம் இல்ல டாக்டர்.” பக்கத்தில் நின்ற மகன் சிரித்தார். நானும் நிம்மதியாக அடுத்த வரிக்குப் போனேன்.

பிரஷர் பார்க்க அவரை உள்ளறைக்குத் தனியாக அழைத்துப் போன செவிலியர், பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, “தூக்கம் வராதப்ப மனசுல என்னப்பா ஓடும்?” என்று கேட்டிருக்கிறார். “பேசாம போய்ச் சேந்துட்டா தேவலைன்னு தோணும்மா. இவங்களுக்கு எதுக்குப் பாரமா இருக்கணும்?”

ஐந்து நிமிடத்துக்குள் ஒரே மனிதர் சொன்ன இரண்டு பதில்கள். ‘இல்லையே’ என்று முடிகிற கேள்வி, பதிலையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுகிறது. இங்கிலாந்தில் மனநல மருத்துவர்கள் நோயாளிகளுடன் பேசுவதைப் பதிவு செய்து ஆராய்ந்து, 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளில் முக்கால் பங்கு ‘இல்லை’யை எதிர்பார்த்தே கேட்கப்பட்டிருந்தன. அந்தத் துறைக்காரர்களின் நிலையே இது என்றால், பொது ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு இடம் தரவில்லை. வீட்டாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா? எப்படின்னு யோசிச்சீங்களா? இன்னைக்கு அந்த எண்ணம் எப்படி இருக்கு?” முன்பு முயன்றதுண்டா என்பதை விடாமல் கேட்க வேண்டும், அதைவிடக் கனமான தடயம் நம்மிடம் குறைவு. ‘போலீஸ் கேஸ் ஆயிடுமோ’ என்று மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. இதை நாமே சொல்லிவிட்டால் பாதி பூட்டு திறக்கும்.

மதிப்பெண் படிவங்கள் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை வைத்து யார் தற்கொலைக்கு முயல்வார் என்று கணிக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கேஸ் ஷீட்டில் ‘ஆபத்து குறைவு’ என்று எழுதுவதால் நமக்குத்தான் தூக்கம் வருகிறது. நாட்கணக்கில் தவித்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் அதைக் குணமாகிவிட்டதாகக் கணக்கு வைக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். மனநல வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் அப்படித்தான், கண் வைக்க வேண்டியவை.

2022இல் இந்தியாவில் பதிவான தற்கொலைகள் 1,70,924; அவற்றில் தமிழ்நாட்டில் 19,834. நாடு முழுக்க, 18.4 சதவீதத்துக்கு ‘நோய்’ என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். ஓர் உயிருக்கு ஒரே காரணம் எழுதுவது பதிவேட்டின் வசதி, அது வேறு விஷயம். ஆனால் அந்த நோயாளிகளில் பலர் ஏதோ ஒரு மருத்துவரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுந்து போனவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

எண்ணம் இருப்பதாகச் சொன்னவரைத் தனியே அனுப்பாதீர்கள். முறையும் நாளும் யோசித்து வைத்திருப்பவருக்கு அன்றைக்கே மனநல மருத்துவரிடம் ஏற்பாடு செய்யுங்கள். மற்றவருக்கு மாத்திரையைச் சில நாளுக்கு மட்டும் எழுதி, அவர் சம்மதத்தோடு வீட்டில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். அடுத்து வரவேண்டிய தேதியைச் சொல்லி, வராவிட்டால் போன் செய்யுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம். சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தால் அது சட்டைப் பையோடு துவைபட்டுப் போய்விடும். அவருடைய போனை வாங்கி நீங்களே பதிந்து கொடுங்கள்.