காலம் தவறும் ஆங்கிலம்

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர் தேவாலயத்தில் பணியாற்றியவர் வீரமாமுனிவர். இத்தாலியரான அவர் தமிழைக் கசடறக் கற்றார். பிறநாட்டுப் பாதிரிமார் தமிழ் கற்க, அவர்கள் அறிந்த லத்தீனிலேயே இலக்கணம் எழுதினார். அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. தெரிந்த மொழியைப் பிடித்துத் தெரியாத மொழிக்குள் நுழையும் வழி அது.

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை அப்படியா கற்கிறார்கள்?

"வாரந்தோறும் சரக்கு அனுப்புவோம்" என்கிறோம். தமிழில் எதிர்கால வினை வழக்கத்தையும் குறிக்கும். அதையே 'வீ வில் சென்ட்' என்று கடிதத்தில் எழுதினால், இனிமேல்தான் அனுப்பப் போகிறோம் என்று வெளிநாட்டு வியாபாரி எண்ணக்கூடும். 'வீ சென்ட்' என்பதே சரி.

"பத்து வருடமாக வேலை செய்கிறேன்" என்பது நமக்கு நிகழ்காலம். ஆங்கிலத்திலோ 'ஹேவ் பீன் ஒர்க்கிங்'. "வரவில்லை" என்ற ஒரே சொல் நேற்றைக்கும் பொருந்தும், இப்போதைக்கும் பொருந்தும். ஆங்கிலம் 'டிட் நாட் கம்', 'இஸ் நாட் கமிங்' என்று பிரிக்கிறது.

வளைகுடா வேலைக்கான நேர்காணலில் நம் இளைஞன் திணறுகிறான் என்றால், அவனுக்கு அறிவில்லை என்று பொருளல்ல. இந்த வேறுபாட்டை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

பட்டதாரி இளைஞர்களே! ஊரில் மாலை வகுப்பு தொடங்குங்கள். கரும்பலகையில் இரு மொழிகளையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். வியாபாரப் பெருமக்களே! அதற்கு ஓர் அறையும் விளக்கும் கொடுங்கள். தமிழை ஒதுக்கிவிட்டு ஆங்கிலம் கற்க முடியாது.