அச்சத்துக்கும் சிகிச்சை வேண்டும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து வீடு திரும்பும் பெண்ணிடம் மருத்துவர் சொல்வது, ‘தினமும் நடங்கம்மா’. வீட்டில் உள்ளவர்கள் சொல்வது, ‘குடத்தைத் தூக்காதே, உடம்பை அலட்டிக்காதே’. பெரும்பாலும் வீட்டின் சொல்லே எடுபடுகிறது. அந்தப் பெண்ணின் மனதிலும் அதே பயம்தான் இருக்கிறது.

இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் இது. 2022இல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பேருக்குப் புதிதாக வந்ததாக சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. இதிலிருந்து மீள்பவர்கள் உடற்பயிற்சியைத் தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று ஒதுக்குவது அநியாயம்.

முதல் பயம், கை வீக்கம். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றினால் கை வீங்கக்கூடும் என்பது உண்மைதான். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர்களே நெடுங்காலம் எச்சரித்தார்கள். ஆனால், 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற மருத்துவர், சிகிச்சை முடித்த 24 பெண்களைத் துடுப்புப் படகு வலிக்கவைத்தார். யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே வீக்கம் இருந்த 141 பெண்கள் பங்கேற்றனர். பயிற்றுநர் துணையுடன் படிப்படியாக எடை தூக்கியவர்களில் 14 சதவீதத்தினருக்கே பாதிப்பு தீவிரமானது. தூக்காதவர்களில் 29 சதவீதத்தினருக்கு.

ஆய்வு சொன்னதும் பயம் ஓடிவிடாது. மார்பகத்தை இழந்த பெண், பூங்காவில் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே எத்தனை சுற்று நடப்பார்? விலாவில் லேசாக வலித்தாலும் ‘திரும்ப வந்துவிட்டதோ’ என்று உட்கார்ந்துவிடுகிறார். அசதியும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்கின்றன. வாரம் மூன்று முறை அரை மணி நேரப் பயிற்சி இவ்விரண்டையும் குறைக்கும் என்கின்றன 2019இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள். மருந்தாக வேண்டிய பயிற்சியை நோயே தடுக்கிறது. இந்த முடிச்சை அந்தப் பெண் தனியாக அவிழ்க்க முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளம் உண்டு. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசென்றது. 2023இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைக்கப்பட்டது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களை இவற்றுடன் இணைப்பதுதான் பாக்கி.

கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்கலாம். மறுபரிசோதனை நாளில் பெண்கள் மணிக்கணக்கில் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். அந்த நேரத்திலேயே இயன்முறை மருத்துவர் குழுவாகப் பயிற்சி தரலாம். ஏற்கெனவே மீண்டுவந்த ஒருவர் பக்கத்தில் நின்று கை தூக்கிக் காட்டினால், எந்த அறிவுரையையும்விட அது தைரியம் தரும். எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம், என்ன அறிகுறி தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுத வேண்டும். மனநல ஆலோசகர், ‘நடக்கிறீர்களா?’ என்பதோடு நிற்காமல், ‘எதற்குப் பயப்படுகிறீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும்.

சுகாதாரத் துறை இதை அரசு மருத்துவமனைகளின் புற்றுநோய்ப் பிரிவுகளில் உடனே தொடங்க வேண்டும். குடும்பத்தினர் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நாளைக் காலையே அந்தப் பெண்ணுடன் சேர்ந்து நடக்கலாம்.