விலையேறிய நகரங்களில் வீடு யாருக்கு?

உலகிலேயே செலவு மிகுந்த நகரம் ஹாங்காங், அடுத்தது சிங்கப்பூர் என்று 2024இல் மெர்சர் நிறுவனம் பட்டியலிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, எக்கனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு வெளியிட்ட பட்டியலில் சிங்கப்பூரும் சூரிச்சும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. இத்தகைய பட்டியல்கள் ஆண்டு தவறாமல் செய்தியாகின்றன. அவை யாருக்காகத் தயாராகின்றன என்ற கேள்விதான் எழுவதில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியர்களுக்கு எவ்வளவு படி கொடுப்பது என்று பன்னாட்டு நிறுவனங்கள் முடிவுசெய்ய உதவுவதே மெர்சர் கணக்கின் நோக்கம். நியூயார்க்கை அளவுகோலாக வைத்து வாடகை, போக்குவரத்து, உணவு, உடை என 200க்கும் மேற்பட்ட இனங்களின் விலையை அது ஒப்பிடுகிறது. ஒரு நகரத்திலேயே பிறந்து வளர்ந்து, பேருந்து ஓட்டியும் உணவகத்தில் பாத்திரம் தேய்த்தும் பிழைப்பவரின் மாதச் செலவை அதிலிருந்து அறிய முடியாது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டுமானால் முதலில் ஏலத்தில் உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பத்தாண்டுக்குச் செல்லும் அந்தச் சான்றிதழின் விலை, பெரிய கார்களுக்கு 2023 அக்டோபரில் 1,50,001 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. காரின் விலை தனி. பட்டியல்களில் சிங்கப்பூரை மேலே தூக்கிவிடும் இந்தச் செலவு, எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வேலைக்குப் போகும் குடும்பத்தைத் தொடுவதில்லை.

அந்தக் குடும்பம் நிமிர்ந்து நிற்குமா, நசுங்குமா என்பதைத் தீர்மானிப்பது வீட்டுச் செலவு. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்த விஷயத்தில் எதிரெதிர்த் திசையில் போனவை. இத்தனைக்கும் இரண்டும் புறப்பட்ட இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி பற்றி எரிந்தது. சுமார் 53,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களைக் குடியமர்த்த அன்றைய பிரிட்டிஷ் அரசு கட்டிய அடுக்குமாடிகளே அங்கு பொதுக் குடியிருப்பின் தொடக்கம். 1961 மே 25 அன்று சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ சுமார் 16,000 பேரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கு அரசு வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்திருந்தது.

சிங்கப்பூர் அதற்குப் பிறகு நிற்கவில்லை. 1966இல் கொண்டுவந்த நில எடுப்புச் சட்டம் பொதுத் தேவைக்குக் குறைந்த விலையில் நிலத்தை எடுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 1968 முதல், மத்திய சேமநிதியில் சேர்ந்த பணத்தை வீடு வாங்கப் பயன்படுத்தத் தொழிலாளருக்கு வழி திறந்தது. இன்று அந்நாட்டுவாசிகளில் பத்தில் எட்டுப் பேர் கழக வீடுகளில் குடியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 99 ஆண்டுக் குத்தகையில் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள்.

ஹாங்காங்கில் ஏறத்தாழ நிலம் முழுவதும் அரசுக்கே சொந்தம். ஆனால் அங்கே நிலம் கஜானாவை நிரப்பும் வழியாகிப்போனது. வரி குறைவு, அந்தக் குறையை நில ஏலத் தொகை ஈடுகட்டும். நிலவிலை ஏறினால் அரசுக்கும் லாபம், கட்டுமான முதலாளிகளுக்கும் லாபம். 1997இல் ஆட்சிப் பொறுப்பேற்ற துங் சீ ஹ்வா, ஆண்டுக்கு 85,000 வீடுகள் கட்டுவதாக வாக்களித்தார். ஆசிய நிதி நெருக்கடியில் வீட்டு விலை சரிந்ததும் அந்த இலக்கு கைவிடப்பட்டது. 2002இல், நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்கு மலிவு விலையில் வீடு விற்கும் திட்டத்தையே அரசு நிறுத்தியது. அதை மீண்டும் தொடங்கும் அறிவிப்பு வர 2011 ஆயிற்று. கட்டாமல் விட்ட அந்த ஆண்டுகளின் விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் ஏழைகள். ஒரே வீட்டைத் தடுப்பு வைத்துப் பல அறைகளாக்கி வாடகைக்கு விடுகிறார்கள்; கழிப்பறையை ஒட்டியே அடுப்பு. இப்படிப்பட்ட அறைகள் ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றில் வசிப்பவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். அரசு வாடகை வீட்டுக்கான சராசரிக் காத்திருப்பு 2022இல் ஆறு ஆண்டைத் தாண்டியது.

இடநெருக்கடிதான் காரணம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். சிங்கப்பூரும் சின்னஞ்சிறு தீவுதான். நகரம் செல்வச் செழிப்பானால் வீட்டு விலை ஏறித்தான் தீரும் என்பது இன்னொரு சமாதானம். அதற்கு வியன்னாவில் பதில் இருக்கிறது. 1923இல் அந்நகரின் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் வீடு கட்டுவதற்கென்றே தனி வரி கொண்டுவந்தார். ஆடம்பர வீடுகளுக்கு வரி அதிகம், தொழிலாளர் வீடுகளுக்கு மிகக் குறைவு. 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பு அவற்றில் ஒன்று. இன்றும் சுமார் 2,20,000 வீடுகள் வியன்னா மாநகராட்சிக்குச் சொந்தம். மானியத்தில் கட்டிய கூட்டுறவு வீடுகளையும் சேர்த்தால், நகரவாசிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் சந்தை வாடகைக்கு வெளியே வாழ்கிறார்கள். அதனால் தனியார் வீட்டுக்காரர்களும் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்ற முடிவதில்லை.

லண்டன் செய்தது இதற்கு நேர்மாறு. மார்கரெட் தாட்சர் அரசு 1980இல் கொண்டுவந்த சட்டப்படி, மாநகராட்சி வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடி விலையில் விற்றார்கள். வாங்கியவர்களுக்கு அது பெரும் வரம். இங்கிலாந்து முழுவதும் இப்படிக் கைமாறியவை ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள். அவற்றுக்கு ஈடாகப் புதிய வீடுகள் எழவில்லை. விற்ற வீடுகளில் பல, தனியார் கைக்குப் போய் அதிக வாடகைக்கு விடப்படுகின்றன.

சிங்கப்பூருக்கும் கறை உண்டு. கழக வீடுகளைக் கட்டும் வெளிநாட்டுத் தொழிலாளர்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் ஏராளம். கொரோனா பரவிய 2020இல், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் விடுதிகளில் அறைக்குப் பத்துப் பேருக்கு மேல்கூட நெருக்கியடித்துத் தங்கியிருந்தது உலகத்துக்கே தெரிந்தது. நாட்டுவாசிகளுக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கு இவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

எட்டுச் சதுர மீட்டருக்குக் குறைந்த அறைகளை வாடகைக்கு விடத் தடை வரும் என்று ஹாங்காங் 2024இல் அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் மாற்று வீடு தயாராகும் முன் சிற்றறைகளைப் பூட்டினால், மிஞ்சும் அறைகளின் வாடகைதான் ஏறும். அரசு வீடுகளைக் கட்டி முடிக்கும் வேகத்துக்கு ஏற்பவே அறைகளை மூட வேண்டும். நில ஏலத்தில் வரும் தொகையில் ஒரு பங்கைப் பொதுக் குடியிருப்புக்கென்று சட்டப்படி ஒதுக்க வேண்டும். விலை சரியும் ஆண்டுகளிலும் கட்டுமானம் நிற்காமல் இருக்க அந்த ஒதுக்கீடுதான் உறுதி தரும்.