இருக்க இடமும் படுக்கப் பாயும்

"இருக்க இடங் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்" என்பது பழமொழி. இதைச் சொன்னவர் தோட்டத்து லயத்தைக் கண்டவரல்லர். அங்கே கொடுப்பவனுக்கே பாய் போதாது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை விழுங்கிற்று. எச்சரிக்கை 2005இலேயே விடுக்கப்பட்டிருந்ததென்பதை நினைக்க நெஞ்சு வேகிறது. தப்பியோர் பாடசாலைகளிலும், பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் ஒண்டினர். 75 புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 அக்டோபரில்.

"இரண்டு வருஷமா! உறவினர் இல்லையா?" என்று பட்டணத்து நண்பரொருவர் என்னிடம் கேட்டார். உறவினர் உண்டு, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் உண்டு. அந்த அறை தோட்டத்துக்குச் சொந்தம். அதில் இன்னொரு குடும்பத்தை எங்கே கிடத்துவது?

2022இல் உக்ரேனியரை வீட்டில் ஏற்ற பிரித்தானியக் குடும்பங்களுக்கு, உள்ளூர்ச் சபைகளின் மூலம் மாதம் 350 பவுண் கிடைத்தது. நமக்குப் பவுண் வேண்டாம். அந்த முறை வேண்டும்.

தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணம் செலவிட 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தடையாயிருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே, சட்டத்தின்மேல் பழிபோட இனி வழியில்லை. அல்துமுல்லைப் பிரதேச சபை தன் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தொகை ஒதுக்கலாகாதா? அபாயமற்ற லயங்களில் யார் யாரை ஏற்பர் என்று பெயர் எழுதிக்கொள்ளட்டும். ஏற்பவருக்கு அரிசி, பாய், வாசலில் ஒரு சாய்ப்பு இறக்கத் தகரம் கொடுக்கட்டும். சாய்ப்பு இறக்கத் தோட்டத்துரையின் அனுமதியைச் சபையே எழுத்தில் வாங்கித் தரவேண்டும். தொழிலாளி கேட்டுக் கிடைக்கிற காரியமன்று அது.

இவையெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்பே முடிய வேண்டும்.