குறுவைப் பட்டம்

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போன வாரம் அப்பாவும் மகளுமாக வீட்டுக்கு வந்தார்கள். மகள் கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். ஒரு அரியர்கூட வைக்காதவள். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்ததில் ஒரு பல்கலைக்கழகம், பதினாறு வருஷப் படிப்பு வேண்டும், உன்னுடையது பதினைந்துதான் என்று எழுதிவிட்டது.

"பக்கத்து வீட்டுப் பையன் நாலு வருஷ பி.இ. அவனுக்குச் சரியாம், இவளுக்குப் பத்தாதாம்" என்றார் அப்பா. "குறுவை நெல்லு ஏடிடி 43 நூத்திப் பத்து நாள்ல அறுப்புக்கு வந்துடுது. சி.ஆர். 1009 நூத்தியம்பதைத் தாண்டியும் வயல்ல நிக்குது. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பாக்குறான் சார், எத்தனை நாள் பயிர்னா கேக்குறான்?"

கேள்வி நியாயமானது. ஆனால் பட்டத்தைக் கொள்முதல் செய்கிறவர்கள் நாளைத்தான் முதலில் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் பள்ளி 12, கல்லூரி 4. இங்கிலாந்தில் கல்லூரி நம்மைப் போல மூன்றே வருஷம். ஆனால் பள்ளி 13. நமக்கு 12-ம் 3-ம். 1978-இல் பிளஸ் டூ வருவதற்கு முன், பதினோரு வருஷப் பள்ளி, ஒரு வருஷம் பி.யூ.சி., மூன்று வருஷம் டிகிரி என்று படித்த என் தலைமுறைக்கும் கூட்டினால் அதே பதினைந்துதான். ஸ்காட்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் கலைப்பாடத்தில் வாங்கும் முதல் பட்டத்துக்கே எம்.ஏ. என்று பெயர். கேம்பிரிட்ஜில் பி.ஏ. வாங்கிவிட்டுச் சில வருஷம் சும்மா இருந்தால், பரீட்சை எழுதாமலே எம்.ஏ. கொடுத்துவிடுவார்கள். அஞ்சல் வழியில் எம்.ஏ. எழுதித் தவித்த நம் ஆசிரியர்கள் இதைக் கேட்டால் வயிறெரிவார்கள்.

வருஷக் கணக்கைவிட உள்ளே இருக்கிற வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அமெரிக்க மாணவனுக்குச் சுமார் 120 கிரெடிட் சேர வேண்டும். மேஜர் எது என்பதை இரண்டாம் வருஷம் வரைக்கும்கூட ஆறப்போடலாம். இங்கிலாந்தில் கணிதம் என்று சேர்ந்தால் பெரும்பாலும் கணிதமேதான். நம் ஊரில் பதினேழு வயதில், கட்-ஆஃப் பார்த்து, மேஜரை முடிவு செய்துவிடுகிறோம். கூடவே பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், அலைடு. அந்தத் தமிழ்த்தாள் இருக்கட்டும் என்பவன் நான். ஆனால் கணிதம் படிக்கிற பெண் தானாக ஆசைப்பட்டு வரலாறோ மண்ணியலோ எடுக்க இங்கே அதிகம் இடமில்லை.

இந்த வித்தியாசத்தை உடம்பில் அனுபவித்த ஆள் நம் ஊர்க்காரர், கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. (டிகிரிக்கு முந்தைய படிப்பு) சேர்ந்த கணித மேதை ராமானுஜன் கணிதத்தைத் தவிர மற்றதைத் தொடவில்லை. ஆங்கிலம் காலை வாரியது, உதவித்தொகை போனது. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி; அங்கே உடலியல் பாடம் வழிமறித்தது. 1907-இல் தனித்தேர்வராக எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. லண்டனைப் பார்த்து 1857-இல் அமைத்த சென்னைப் பல்கலைக்கழகத்தில், எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் தேர்ச்சி. ஒன்றில் நூறு வாங்கினாலும் இன்னொன்றில் விட்டால் மொத்தமும் போச்சு. இன்றைக்கு அரியர், அரியர் என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். அன்றைக்கு அரியர் என்ற வசதி இருந்திருந்தால் ராமானுஜன் ஆங்கிலத்தைப் பாக்கி வைத்துக்கொண்டே மேலே போயிருப்பார்.

அதே பல்கலைக்கழகம் 1913-இல் விதியைத் தளர்த்தி, பட்டமே இல்லாதவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்ததையும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜும் அவருக்குப் பட்டத் தகுதியை விலக்கித்தான் சேர்த்துக்கொண்டது. உயர் பகு எண்களைப் பற்றிய கட்டுரைக்காக 1916 மார்ச்சில் பி.ஏ. கொடுத்தது. பிஎச்.டி. என்ற பட்டம் அங்கே அப்போது இன்னும் வரவில்லை.

இப்போது 2020 தேசியக் கல்விக் கொள்கை நான்கு வருஷப் பட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. தமிழ்நாடு மூன்றிலேயே நிற்கிறது. தில்லிப் பல்கலைக்கழகம் 2013-இல் நான்கைத் தொடங்கி மறுவருஷமே கைவிட்டு, பிறகு மறுபடி பிடித்துக்கொண்டது. கூடுதல் வருஷத்துக்குக் கல்லூரிக் கட்டணத்தோடு பஸ் காசு, ஹாஸ்டல் சாப்பாடு, ஒரு வருஷச் சம்பாத்தியம் எல்லாம் சேரும். பாபநாசத்து அப்பாவுக்கு அது எத்தனை மூட்டை நெல் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கணக்குக்காக நம் பிள்ளைகள் எல்லோரையும் ஒரு வருஷம் கூடுதலாக உட்கார வைப்பது எனக்கு ஒப்பவில்லை. பதினைந்தை ஏற்கிற பல்கலைக்கழகங்கள் அங்கேயே உண்டு, இங்கே எம்.எஸ்சி. முடித்துவிட்டும் போகலாம். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

காபி ஆறிக்கொண்டிருந்தது. "ராமானுஜன் அந்த பி.ஏ.வை எத்தனை வருஷத்துல முடிச்சார் சார்?" என்று கேட்டாள்.

1914 ஏப்ரலில் போய் இறங்கினார், 1916 மார்ச்சில் வாங்கினார். முழுசாக இரண்டு வருஷம்கூட இல்லை என்றேன்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அதுவும் குறுவைதான்."