நகைக்கடையில் சும்மா இருக்கும் தங்கம், ஆய்வகத்தில் பாதரசத்தின் வேலையைப் பார்ப்பது எப்படி?

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் பாட்டி காலத்து வளையலைக் கொடுத்தாலும் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். காற்று, தண்ணீர், வியர்வை என எதோடும் தங்கம் லேசில் சேராது, அதனால் கெடாது. ஆனால் அதே தங்கம் சில வேதிவினைகளில் படுவேகமான வினையூக்கி. அது எப்படி?

கரைந்தால் குணம் மாறும்

பட்டறைகளில் தங்கத்தைச் சுத்தம் செய்ய ராஜ திராவகம் உதவும். 3 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1 பங்கு நைட்ரிக் அமிலம் சேர்ந்த கலவை இது. இதில் தங்கம் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. ஆய்வகத்திலும் ஆரம்பம் இதுதான். கரைந்த தங்கத்தோடு பாஸ்பீன் போன்ற மூலக்கூறைப் பிணைத்தால், பிளஸ் டூ புத்தகத்தில் படித்த 'அணைவுச் சேர்மம்' ரெடி. வினைபடும் பொருளோடு இதுவும் ஒரே திரவத்தில் கரைந்திருப்பதால், இது ஒருபடித்தான வினையூக்கம்.

என்ன செய்கிறது?

தங்க அணுக்கருவில் 79 புரோட்டான்கள். அந்த இழுப்பில் உள் எலக்ட்ரான்கள் அசுர வேகத்தில் சுற்ற, சார்பியல் விளைவால் வெளிக்கூடும் சுருங்குகிறது. எனவே தங்க அயனிக்கு எலக்ட்ரான் பசி அதிகம். அசிட்டிலீன் போன்ற சேர்மங்களின் கார்பன் முப்பிணைப்பை அது பிடித்து இழுக்கும். அந்த இடத்தில் தண்ணீரோ ஆல்கஹாலோ வந்து சேரும். தரகர் மாதிரி, இருவரைச் சேர்த்துவிட்டுத் தங்கம் அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும்.

பவுன் விற்கும் விலையில் கட்டுப்படியாகுமா?

1998-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவன ஆய்வாளர்கள், ஒரு தங்க அணு சுமார் 1 லட்சம் மூலக்கூறுகள் வரை உருவாக்க முடியும் என்று காட்டினார்கள். ஆக, துளி தங்கம் போதும்.

நமக்கு ஏன் முக்கியம்?

முன்பு இதே வேலையைச் செய்தது பாதரசம். ஜப்பானின் மினமாட்டாவில் 1932 முதல் 1968 வரை சிஸ்ஸோ ஆலை பாதரச வினையூக்கியால் அசிட்டிலீனை அசிட்டால்டிஹைடாக மாற்றியது. கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மனிதர்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. மதுரைக்காரர்களுக்குப் பாதரசம் புதிதல்ல. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையில் அது வினையூக்கி இல்லைதான், ஆனால் கழிவு விட்டுச்சென்ற பயம் ஒன்றே.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் 2013-ல் உருவானது. இந்தியா 2018-ல் ஏற்றது. பிவிசி தயாரிப்பில் பாதரசத்துக்குப் பதிலாகத் தங்கம் உதவும் என்று பிரிட்டன் வேதியியலாளர் கிரகாம் ஹட்சிங்ஸ் 1985-லேயே கணித்தார். கார்பன் மேல் தங்கம் பூசிய வினையூக்கி இன்று தொழிற்சாலைக்கே வந்துவிட்டது.

சிக்கல் என்ன?

கரைசலில் உள்ள தங்கம் சில நேரம் மறுபடி உலோகமாகப் படிந்துவிடும். அதோடு வேலை நிற்கும். கரைந்த தங்கத்தைத் திரும்பப் பிரித்தெடுப்பதும் சிரமம். இந்தியாவில் போபால் ஐசர் நிறுவனத்தில் நிதின் பாட்டீல் குழு, தங்கத்தை +1, +3 நிலைகளுக்கு இடையே மாறவைத்து, பல்லேடியம் பாணியில் புதிய பிணைப்புகளை உருவாக்கி வருகிறது.

பெட்டகத்தில் தூங்கும் தங்கத்துக்கு மதிப்பு, அது எதோடும் சேராததால். வினையூக்கியாகும் தங்கத்துக்கு மதிப்பு, சேர்ந்துவிட்டு விலகத் தெரிந்ததால்.