பாம்புக்குட்டி அடம் பிடிக்கவில்லை

அமெரிக்காவில் முதன்முதலாகப் பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் போய்க் கேட்பது பெரும்பாலும் இரண்டைத்தான். ஒன்று கார்ன் ஸ்நேக், இன்னொன்று பால் பைத்தான். (பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். எந்தப் பாம்பும் பாலைத் தேடிப் போய்க் குடிப்பதில்லை என்பது வேறு கதை.)

வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள் ஆனதும் புலம்பல் ஆரம்பமாகிவிடும். "எதைக் கொடுத்தாலும் தொட மாட்டேன் என்கிறது, ஒரே அடம்." அடுத்தது என்ன? வாயைப் பிளந்து எலிக்குட்டியை உள்ளே திணிக்க வேண்டியதுதான். அதைப் பெரிய வைத்தியம்போல அடுத்தவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அடம் பிடிக்க அது என்ன சோறு வேண்டாம் என்று ஓடுகிற மூன்று வயதுக் குழந்தையா? பால் பைத்தான் குட்டி முட்டையிலிருந்து வரும்போது வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரித்த பிறகுதான் அதற்குப் பசியே எடுக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் ஒளிந்து வாழ்கிற ஜாதி அது. அதைப் பெரிய கண்ணாடித் தொட்டியில், விளக்கு வெளிச்சத்தில், ஒளிய இடமில்லாமல் போட்டுவிட்டு, தினம் நாலு தடவை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு நண்பர்களுக்குக் காட்டினால் எப்படிச் சாப்பிடும்? பயந்த பாம்பு இரை எடுக்காது. இது அடம் இல்லை, உயிர்ப்பயம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. சின்னப் பெட்டி. உடம்பு உரசுகிற அளவுக்கு இறுக்கமான இரண்டு மறைவிடம், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. சூடான பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்ந்து கிடக்கிற பாம்புக்கு இரை செரிக்காது. தண்ணீர்க் கிண்ணம். பிறகு ஒரு வாரம் தொடவே கூடாது. இந்தக் கடைசி விஷயம்தான் யாராலும் முடிவதில்லை! உறைந்த எலிக்குட்டியைக் கொடுப்பவர்கள் முழுக்க உருகவைத்து, வெதுவெதுப்பாக்கி, இருட்டிய பிறகு இடுக்கியால் நீட்ட வேண்டும். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் சூட்டை உணர்பவை, ஜில்லென்ற எலி அதற்கு இரையாகவே தெரியாது. கார்ன் ஸ்நேக் குட்டியின் விஷயம் வேறு. காட்டில் அது பல்லி, ஓணான் வகைகளைத் தின்று வளர்வது. எலிக்குட்டியின் மேல் பல்லி வாசம் தடவினால் பல குட்டிகள் உடனே பிடித்துக்கொள்கின்றன.

திணிப்பதால் வாய் கிழியும், மிரண்டு கக்கும், அடுத்த தடவை இடுக்கியைப் பார்த்தாலே ஒதுங்கும். எடை குறைந்துகொண்டே போகிற குட்டிக்குக் கடைசி வழியாக, கை பழகிய மருத்துவர் செய்ய வேண்டிய வேலை அது. வாராவாரம் தராசில் வைத்துப் பார்க்காமல் "இளைத்துவிட்டது" என்று பதறுவது வளர்ப்பவரின் பதற்றம். அதைத் தீர்க்கப் பாம்பின் வாயை ஏன் பிளக்க வேண்டும்?

ஆனால் வாங்கியவரை மட்டும் திட்டிப் பயனில்லை. கானா, டோகோ, பெனின் நாடுகளில் காட்டிலிருந்து சினைப்பாம்புகளையும் முட்டைகளையும் எடுத்துவந்து, பண்ணையில் பொரிக்கவைத்து, குட்டிகளை மொத்தமாக ஏற்றுமதி செய்வது பல வருட வியாபாரம். ஒவ்வொரு குட்டியும் சாப்பிடப் பழகியதா என்று பார்த்து அனுப்புகிற தொழில் அல்ல அது. பழக்குகிற பொறுமையும், பழகாமல் செத்தால் வருகிற நஷ்டமும் பணம் கொடுத்து வாங்கியவர் தலையில் விழுகிறது. சாவது என்னவோ குட்டிதான்.

நல்ல வளர்ப்பாளர்கள் குட்டி தானாக நாலைந்து தடவை சாப்பிட்ட பிறகே விற்கிறார்கள். என்ன கொடுத்தோம், எந்தத் தேதியில் என்று எழுதியும் தருகிறார்கள். "அதெல்லாம் வீட்டுக்குப் போனால் சாப்பிடும் சார்" என்கிற கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பலாம்.